இரண்டு கைச் சோதனை

காந்தி மார்க்கெட்டில் எங்கள் வாழை மண்டிச் சந்து ஆரம்பிக்கிற இடத்தில் பீமராவின் மருந்துக் கடை இருக்கிறது. அந்தக் கடை வாசலில்தான் பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். உட்கார ஒரு ஸ்டூல், வலது பக்கம் கை நுழைக்க ஒரு ஓட்டை, ஒரு பச்சைப் பொத்தான். கையை உள்ளே விட்டுப் பொத்தானை அமுக்கினால் காற்று ஏறி இறுக்கிப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு சீட்டு வந்து விழும். டாக்டர் வேண்டாம், நர்ஸ் வேண்டாம், பைசா வேண்டாம். ஏதோ மருந்துக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்ததாம். கொடுத்த புண்ணியவான் அதை எப்போது நம்ப வேண்டும், எப்போது நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

என் பெயர் பவுனம்மாள். அந்த மருந்துக் கடைக்கு எதிரே தரையில் சாக்கு விரித்து வாழை இலை விற்கிறேன். என் வீட்டுக்காரர் மருதை அதே மண்டியில் லோடுமேன். தொட்டியத்திலிருந்து லாரி லாரியாக வரும் வாழைத்தாரை இறக்கித் தோளில் போட்டு மண்டிக்குள் அடுக்குகிற வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, வாடகை வீடு. விடிவதற்குள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பாலம் தாண்டி வருவோம், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்பிப் போவோம். பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டேதான் போவோம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது மார்க்கெட்டுக்கே தெரியும். அவர் என்னைக் கலெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

மெஷின் வந்த புதிதில் லோடுமேன்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஒரு லாரி காலியாகி அடுத்த லாரி பின்னால் வந்து நிற்பதற்குள் ஓடிவருவார்கள். தோளில் துண்டு அப்படியே இருக்கும், சட்டைக் கையைக்கூடச் சுருட்ட மாட்டார்கள், மூச்சு வாங்கும், வாய் ஓயாது. அப்படியே கையை விட்டு அமுக்குவார்கள். "அமைதியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின் பார்க்கவும்" என்று மெஷின் மேலேயே ஒட்டியிருந்தது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் அவன் பங்குத் தாரை மற்றவன் தூக்க வேண்டும். தூக்குகிறவன் சும்மா தூக்குவானா? அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுப்பான். அதனால் சீட்டில் வருவதெல்லாம் மலை மாதிரி நம்பர். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு என்று கூத்தடிப்பார்கள்.

இந்தக் கூத்தில் மாட்டியவன் சுடலைமுத்து. அவனுக்கு ஒருநாள் இருநூறுக்குப் பக்கத்தில் காட்டிவிட்டது. பயந்து போய், வேலையைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கே ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்ணுமே இல்லப்பா, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவன் மார்க்கெட்டில் தலைகாட்ட முடியவில்லை. "சுடல, உயில் எழுதிட்டியாடா? எனக்கு அந்த செல்போனு" என்று ஒருத்தன். "டேய், அவனுக்குத் தார் குடுக்காதீங்கடா, இருதயம் வெளிய வந்துரும்" என்று இன்னொருத்தன். என் வீட்டுக்காரர் அவனைத் தாங்கிப் பிடித்து மண்டிக்குள் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி நடித்துக் காட்டினார். நானும் சிரித்தேன். பல மாதம் அவனை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் வீரமலை அண்ணன் சோதனையைக் கண்டுபிடித்தார். வீரமலை அண்ணன் லோடுமேன்களுக்கு மேஸ்திரி. யார் எந்த லாரி என்று பிரித்து விடுபவர், கூலி வாங்கிப் பங்கு வைப்பவர், ஒருத்தனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் முதலில் ஓடிவருபவர். அவர் சொல்லுக்கு மண்டியில் மறுசொல் கிடையாது. சின்ன வயதிலிருந்து தராசு பிடித்தவர். அவர் சொன்னார்:

"தராசு கள்ளத் தராசான்னு எப்படிடா பாப்போம்? இந்தத் தட்டுல இருக்குற கல்ல அந்தத் தட்டுக்கு மாத்துவோம், சாமான இங்க மாத்துவோம். ரெண்டு தரமும் முள்ளு நடுவுல நின்னா தராசு சுத்தம். ஒரு பக்கம் சாஞ்சா தராசுக்காரன் திருடன். இதுக்கும் அதேதான். வலது கைய வச்சுப் பாரு, எடது கைய வச்சுப் பாரு. ஒடம்பு ஒண்ணு, ரத்தம் ஒண்ணு. ரெண்டும் ஒத்துப்போனா நம்பு. ஒத்துப்போகலன்னா மெஷின் புளுகுது, சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு."

கேட்ட எல்லோருக்கும் இது மகா நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். இலையைத் தவிர மற்ற எதையும் இந்த மார்க்கெட்டில் தராசு மாற்றிப் பார்க்காமல் நான் வாங்கியதே இல்லை. சோதனை பலிக்கவும் செய்தது. ஓடிவந்து வலது கையை விட்டால் நம்பர் ஏறியிருக்கும். மூச்சு அடங்கி, இடது கையை விடுவதற்காக ஸ்டூலில் கோணலாகத் திரும்பி உட்கார்ந்து, மறுபடி பார்ப்பதற்குள் நம்பர் இறங்கியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. "பாத்தியா, புளுகுது" என்று சீட்டைக் கிழிப்பார்கள். பீமராவேகூட, "அண்ணே, அது கொஞ்சம் அப்படித்தான். கம்பெனிக்காரன் வந்து சரி பண்றேன்னான், வரல" என்று சொல்லிவிட்டார். மெஷின் பொய்க்கார மெஷின் என்பது மண்டியில் முடிவான விஷயம்.

அன்றைக்கு ஆவணி மாதத்தில் பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள். லாரிகள் சந்து முனை வரை வரிசை கட்டி நின்றன. எனக்கு இலை வியாபாரம் தலைக்கு மேல். கட்டைப் பிரித்துப் பிரித்துக் கை எரிந்தது. காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு தாரைத் தோளில் வைத்துக்கொண்டு லாரியிலிருந்து திரும்பினார். திரும்பியவர் நின்றுவிட்டார்.

"அம்மா" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. தாரைக் கீழே போடவில்லை, அது ஒன்று. மெதுவாகக் குனிந்து இறக்கிவைத்துவிட்டு, இரண்டு கையாலும் லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டார். நான் இலையை விட்டுவிட்டு ஓடினேன். முகமெல்லாம் வேர்வை. உழைத்த வேர்வை இல்லை, தொட்டால் சில்லென்று இருந்தது.

"என்னங்க பண்ணுது?"

"முதுகு புள்ள. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல. துணியக் கிழிக்கிற மாதிரி சர்ருன்னு..."

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இரு, இரு. புடிச்சிக்கிட்டிருக்கும்."

லோடுமேனுக்கு முதுகுவலி என்ன புதுசா? மண்டியில் முதுகு வலிக்காதவன் யார்? வாரத்துக்கு ஒருத்தனுக்குப் பிடித்துக்கொள்ளும், ஒருத்தன் ஏறி மிதிப்பான், சரியாகிவிடும். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. போன வருஷம் மார்க்கெட்டில் நடந்த முகாமில் அவருக்குப் பிரஷர் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். தலைவலி வந்தால் ஒன்று போட்டுக்கொள்வார், இல்லாவிட்டால் அது அலமாரியில் கிடக்கும். நான் கத்தாத நாள் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

"பிரஷரா இருக்கப் போவுதுய்யா. வா போவோம்."

வீரமலை அண்ணன் வந்தார். முகத்தைப் பார்த்ததும் அவரும் பதறிவிட்டார். "மருத, மொதல்ல ஒக்காரு. யாராச்சும் சோடா வாங்கிட்டு வாங்கடா" என்றார். இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்து, உட்கார இடம் தேடி, மருந்துக் கடை வாசலில் இருந்த அந்த ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் சுடலைமுத்து வழக்கம் மாதிரி அவர் வலது கையைப் பிடித்து ஓட்டையில் விட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டான். சீட்டு விழுந்தது. மேலே 188, கீழே 102.

அவர் முகம் வெளுத்தது. சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கலெக்டரம்மா, போயிடலாம்டி. ஒரு ஆட்டோ புடி" என்றார்.

இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு ஆறாது. போகலாம் என்று அவர் வாயால் சொன்னார். ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக் கையை ஊன்றினார். நான் சந்து முனையைப் பார்த்து, ஆட்டோவுக்குக் கையைத் தூக்கிவிட்டேன். ஒரு ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்து வண்டியைக் கிளப்பவும் கிளப்பினான்.

"இரு தங்கச்சி. எடது கையும் பாத்துருவோம். சும்மா போயி சுடலை மாதிரி அசிங்கப்படக் கூடாதில்ல" என்றார் வீரமலை அண்ணன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரரைத் திருப்பி உட்காரவைத்து இடது கையை விட்டார்கள். இறுக்கியது. விட்டது. மறுபடி தானாகவே இறுக்கியது. சீட்டு விழுந்தது. மேலே 106, கீழே 64.

சுற்றி நின்ற கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அத்தனை பேருக்கும் அவ்வளவு நேரம் இருந்த பயம் சிரிப்பாகக் கொட்டியது. இதுவரை பத்து வித்தியாசம் வரும், இருபது வரும். இப்படி ஒரு வித்தியாசத்தை மண்டி பார்த்ததே இல்லை.

"அண்ணே, மருதண்ணனுக்குள்ள ரெண்டு ஆளு இருக்காண்ணே!" என்றான் சுடலைமுத்து. அவனுக்கு எத்தனை நாள் ஏக்கமோ, பாவம், இப்போதுதான் அடுத்தவனைக் கேலி பண்ணக் கிடைத்தது. "வலது பக்கம் உள்ளவனுக்குக் கோவம், எடது பக்கம் உள்ளவன் தூங்குறான்."

"மெஷினுக்கு முத்திப் போச்சுடா" என்றார் வீரமலை அண்ணன். உள்ளே இருந்து பீமராவ் எட்டிப் பார்த்து, "நாளைக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன் அண்ணே" என்றார்.

என் வீட்டுக்காரரும் சிரித்தார். வலியோடு சிரித்தார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்த மாதிரி இருந்தது. வலியும் அந்த நேரம் பார்த்துச் சற்று அடங்கியிருந்தது, அதுவும் சேர்ந்து எங்களை ஏமாற்றியது. "எனக்கும் உயில் எழுத வச்சிருப்பீங்களேடா" என்றார். ஆட்டோக்காரன் பக்கத்தில் வந்து நின்றான்.

"மெஷின் புளுகட்டும். நீங்க வாங்க. முதுகு வலிக்குதுன்னீங்கல்ல, அதுக்காவது காட்டுவோம்" என்றேன்.

"முதுகுவலிக்கா ஆஸ்பத்திரி? நீ வேற. நாளைக்கு முகூர்த்தம், டாக்டரு ஊசியப் போட்டு ரெண்டு நாள் படுன்னுவான்."

"யோவ், ஒனக்கு வேர்த்த வேர்வைய நான் பாத்தேன்யா!"

"தங்கச்சி, கத்தாத" என்றார் வீரமலை அண்ணன். "மருத, நீ இன்னைக்கு வீட்டுக்குப் போ. ஒம் பங்கு ஒனக்கு வந்துரும், நான் பாத்துக்குறேன். தைலத்தத் தேச்சு வெந்நி ஊத்திக்கிட்டுப் படு."

பங்கும் உண்டு, ஓய்வும் உண்டு என்று மேஸ்திரி சொன்ன பிறகு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? ஆட்டோக்காரன் என்னைத் திட்டிவிட்டுப் போனான். நான் இலைக்கட்டைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் அன்றைக்கு நாங்கள் சண்டை போடவில்லை. அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். பாலத்தில் போகும்போது காவிரி நிறையத் தண்ணீர். "நல்ல தண்ணி" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வீட்டில் குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்த்தேன். வலி இடம் மாறிக்கொண்டே வந்தது. தோள்பட்டைக்கு நடுவில் இருந்தது முதுகு நடுவுக்கு வந்தது, அப்புறம் இடுப்புக்கு வந்தது. "வலி எறங்குது புள்ள, போயிடும்" என்றார். இறங்குகிறது என்றால் குறைகிறது என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்து, இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கும்போது இடது கை என் கையில் பட்டது. சில்லென்று இருந்தது. வலது கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன், போர்த்திவிட்டேன், மறுபடி தொட்டுப் பார்த்தேன். இடது கை சூடாகவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கை ஒரு மாதிரி, இன்னொரு கை வேறு மாதிரி. இது என் கைக்கே தெரிகிறதே, இதில் மெஷின் எங்கே வந்தது?

"எந்திரிங்க. போறோம். பேசாதீங்க" என்றேன். அவர் எழுந்தார். எழுந்தவர் சுவரைப் பிடித்தார், வாந்தி எடுத்தார், அப்படியே சரிந்தார். நான் தெருவில் நின்று கத்திய கத்தலில் அக்கம்பக்கம் எல்லாம் ஓடிவந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். மறுபடியும் அதே பாலம், அதற்குள் சாயங்காலம். மறுநாள் முகூர்த்தத்துக்கு வந்த வேன்களும் கார்களுமாகப் பாலம் முழுக்க அடைத்துக் கிடந்தது. ஒரு வேன் முழுக்கப் பட்டுப்புடவைகள். நான் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "வழி விடுங்கப்பா, வழி விடுங்கப்பா, நல்லா இருப்பீங்க" என்று கதறிக்கொண்டே போனேன். என் மடியில் அவர் தலை.

டவுனுக்குள் முதலில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கினோம். லிசி என்று ஒரு நர்ஸ், சின்னப் பெண், ஓடிவந்து இடது கையில் பட்டையைச் சுற்றி மெஷினைப் போட்டாள். நம்பர் வரவே இல்லை. வலது கையில் சுற்றினாள். 170 என்று வந்தது. அவள் மெஷினைத் தட்டினாள்.

"இது சரியில்ல டாக்டர். வேற எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. "மெஷின் சரியாத்தாம்மா இருக்கு! ரெண்டு கையும் ரெண்டா இருக்கும்மா, தொட்டுப் பாரும்மா!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

டாக்டர் வந்தார். ஹரிஹரசுதன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. மெஷினைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. பிறகு ஓட்டம்தான். ஸ்கேன் என்றார்கள், உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், நான் வெளியே சுவரோரம் நின்றேன். அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

திரும்பி வந்த டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"அம்மா, இருதயத்துலேருந்து ஒடம்பு முழுக்க ரத்தம் கொண்டு போற பெரிய குழாய் இருக்கு. அது உள்பக்கம் கிழிஞ்சிருக்கு. கிழிசல் கீழ வரைக்கும் போயிடுச்சு. எடது கைக்குப் போற ரத்தம் அடைபட்டுடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும். இங்க அந்த வசதி இல்ல. சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கேன். ஆனா..." என்று நிறுத்தினார். "வலி எப்ப வந்துச்சு?"

"காலையில சார். லோடு எறக்கும்போது."

"காலையிலயா? எங்கயும் காட்டலயா? பிரஷர் எதுவும் பாக்கலயா?"

"பாத்தோம் சார். மருந்துக் கடை மெஷின்ல. வலது கையில நூத்தி எண்பத்தெட்டு. எடது கையில நூத்தி ஆறு. அது பொய் சொல்ற மெஷின் சார், எல்லாருக்கும் தப்பாத்தான் காட்டும். ரெண்டு கையும் ஒத்துப்போகலன்னு சொல்லி விட்டுட்டோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மெஷின் மத்தவங்களுக்கு எப்படிக் காட்டுச்சோ எனக்குத் தெரியாதும்மா. இவருக்குச் சரியாத்தான் காட்டியிருக்கு. ரெண்டு கைக்கும் அவ்வளவு வித்தியாசம் வந்ததே, அதுதாம்மா இந்த வியாதி. அத வச்சுத்தான் நாங்களே கண்டுபிடிப்போம்."

"அப்ப காலையிலேயே வந்திருந்தா?"

"அத இப்ப கேக்காதீங்கம்மா" என்றார்.

அதற்கு மேல் ஒரு பதில் வேண்டுமா? ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது அவர் கண் திறந்திருந்தது. என்னைத் தேடினார். நான் அந்தச் சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டேன். "புள்ள" என்றார். அப்புறம் டாக்டரும் நர்ஸும் அவர் மேல் குனிந்தார்கள், என்னை விலக்கினார்கள், நெஞ்சை அமுக்கினார்கள். ஆம்புலன்ஸ் கதவு திறந்தபடியே இருந்தது. கடைசியில் டிரைவர் இறங்கி வந்து அதைச் சாத்தினான்.

மண்டி முழுக்க ஸ்ரீரங்கம் வந்தது. கொள்ளிடக் கரைச் சுடுகாடு வரைக்கும் வீரமலை அண்ணன் தோள் மாற்றாமல் தூக்கிவந்தார் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் காதில் ஒன்றையே சொன்னார்கள். "அந்தப் பாழாப்போன மெஷின் ஒழுங்கா இருந்திருந்தா மருத பொழச்சிருப்பான்." யாருக்கும் நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் இல்லை. இந்த வாயாடிக்கு வாய் இல்லாமல் போனதைப் பார்த்து எல்லோரும் இன்னும் அழுதார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மார்க்கெட்டுக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது, சோறு யார் போடுவார்? பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் யாரோ ஒரு அம்மா பூக்கூடையோடு உட்கார்ந்து வந்தாள். சந்து முனையில் இறங்கிப் பார்த்தேன். மருந்துக் கடை வாசல் காலியாக இருந்தது. தரையில் நான்கு போல்ட் ஓட்டைகள்தான் இருந்தன.

பீமராவ் கடையை விட்டு இறங்கி வந்து கும்பிட்டார். "மன்னிச்சுடும்மா. அது கெட்டுப்போன மெஷின்னு தெரிஞ்சும் வச்சிருந்தேன். அன்னைக்கே தூக்கி எறிஞ்சிருக்கணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு, சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

வீரமலை அண்ணன் வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். சவரம் பண்ணவில்லை. ஒரு கவரை நீட்டினார். மருதையின் பங்கு, அதோடு எல்லோரும் போட்டது என்றார். அப்புறம் சொன்னார்:

"தங்கச்சி, அந்தப் பொய்க்கார மெஷின நாங்களே கடப்பாறையால நொறுக்கிட்டோம். கொள்ளிடத்துலேருந்து நேரா இங்கதான் வந்தோம். சுடலைதான் மொத அடி. ஒரு துண்டு மிச்சம் வைக்கல. எங்க மருதையக் கொன்ன சனியன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அத்தனை நாள் அடைத்துக் கிடந்தது.

"அது பொய் சொல்லலண்ணே" என்றேன்.

"என்ன தங்கச்சி?"

"அது பொய் சொல்லல. நூத்தி எண்பத்தெட்டும் நெசம், நூத்தி ஆறும் நெசம். குழா கிழிஞ்சதால எடது கைக்கு ரத்தம் போகல. அதான் ரெண்டு கையும் ரெண்டா இருந்துச்சு. டாக்டரு சொன்னாரு. அந்த வித்தியாசந்தான் வியாதியாம். ஊருக்கே புளுகுன மெஷின் எம் புருசனுக்கு மட்டும் உண்மையச் சொல்லியிருக்குண்ணே. வலது கைய வச்சதோட எந்திரிச்சாரு. போயிடலாம்டின்னு எங்கிட்ட சொன்னாரு. ஆட்டோ வந்து நின்னுச்சு."

பின்னால் லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். யாரோ "மேஸ்திரி, மேஸ்திரி" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"டாக்டரே சொன்னாரா?"

"ஆமா."

அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

"எடது கையும் பாத்துருவோம்னு நாந்தான தங்கச்சி சொன்னேன்?"

என் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் பார்த்தவர் அவர். நான் காய்ச்சலில் கிடந்தபோது அவர் வீட்டிலிருந்துதான் கஞ்சி வந்தது. இல்லைங்கண்ணே, நீங்க என்ன பண்ணுவீங்க, என் தலையெழுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் எழுந்து போய் லாரியைப் பார்ப்பார். அவரும் அதற்காகத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் சொல்லவில்லை.